சக்கர வீட்டின் ஆண்டெனா

நிலையாக நிற்கும் வீட்டுக்கு ஆண்டெனா அமைப்பது ஒரு நாள் வேலை. ஒளிபரப்புக் கோபுரம் எந்தத் திசையில் உள்ளதென்று விசாரித்து, கம்பத்தை நட்டு, அந்தப் பக்கம் திருப்பி இறுக்கிவிட்டால், அடுத்த புயற்காற்று வரும்வரை அதைப் பற்றிய கவலை இல்லை. இன்றிரவு ஏரிக்கரையிலும் நாளை இரவு மலையடிவாரத்திலும் தங்கும் சக்கர வீட்டுக்கோ, திசை என்பது மாலைதோறும் புதிதாய்த் தேட வேண்டிய பொருள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் டிரெய்லர் வீடுகளும் தொலைக்காட்சியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பெருகியபோது எழுந்த இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தேடிய கதை, சிறியதாயினும் மனித யுக்திக்குச் சான்றாக நிற்பது.

அதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1926-ல் செண்டாய் நகரத்துத் தொஹோகு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில், ஷிந்தாரோ ஊடாவும் அவருடைய பேராசிரியர் ஹிதெத்சுகு யாகியும், அலையை வாங்கும் கம்பிக்குப் பின்னால் ஒரு நீண்ட கம்பியும் முன்னால் குறுகிய கம்பிகள் சிலவும் வரிசையாக நின்றால், ஒரு திசையிலிருந்து வரும் அலையை மட்டும் அவை வலுவாக வாங்கித் தரும் என்று வெளியிட்டனர். 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், பிரிட்டிஷாரின் ராடார் குறிப்புகளில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்டு பொருள் விளங்காமல் கைதி ஒருவரைக் கேட்டு, அது தம் தேசத்து விஞ்ஞானியின் பெயரே என்று அறிந்து வியந்தனர். எண்பதுகளில் நம் ஊர்களில் ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப, கீழே கூடத்திலிருந்து பிள்ளைகள் “தெரியுது, தெரியுது!” என்று கூவினார்களே, அந்த ஆண்டெனாவும் இந்த வம்சத்ததே.

டிரெய்லர் வீட்டுக்காரருக்கு இடையூறுகள் மூன்று. அலுமினியத் தகடு போர்த்த வண்டிக்குள் அலை எளிதில் புகாதாகையால், வரவேற்பறையில் வைக்கும் சிறு ஆண்டெனா அங்கே பயன்படவில்லை. 1948 முதல் 1952 வரை அமெரிக்க அரசு புதிய நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதை நிறுத்தி வைத்திருந்தமையால், பிரயாணி பெரும்பாலும் கோபுரத்துக்கு வெகுதூரத்திலேயே தங்க நேர்ந்தது. அன்றைய 2-ம் அலைவரிசையின் அலைநீளம் 5 மீட்டருக்கு மேற்பட்டது. அதில் பாதியளவுள்ள கம்பியோ, ஏறக்குறைய 8 அடி அகலமே கொண்ட வண்டியின் இருபுறமும் துருத்திக்கொண்டு நிற்கும்.

இவற்றுக்கு விடையாக இரண்டு மார்க்கங்கள் பிறந்தன. வட்டத் தட்டுப் போன்ற ஆண்டெனா எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும். திருப்பும் சிரமமில்லை, ஆனால் தொலைவிலுள்ள நிலையத்தைப் பிடிக்கும் வலிமை குறைவு. மற்றொன்று, சிறகு விரித்த வௌவாலைப் போன்று கூரைமேல் மடிந்து கிடப்பது. உள்ளிருப்பவர் மேற்கூரையிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் கம்பம் மெல்ல எழும். அதைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பினால் சிறகும் திரும்பும். கம்பி குட்டையானதால் நேரும் குறையை, அதனுள்ளேயே அமைந்த, 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் ஒரு சிறு பெருக்கி ஈடுசெய்தது. கோபுரங்கள் அருகிலிருக்கும் நகர்ப்புறத்தில் தங்குபவருக்கு முன்னது போதும். வனாந்தரத்தை நாடுபவருக்குப் பின்னதே துணை.

காலப்போக்கில் அலைகளும் குறுகின. 1952-ல் அலைநீளம் குறைந்த யூ.எச்.எஃப். வரிசைகள் திறக்கப்பட்டன, 1962-ல் இயற்றிய சட்டம், புதிய பெட்டிகள் எல்லாம் அவற்றையும் வாங்க வல்லவையாக இருக்கவேண்டும் என்றது. அவ்வரிசைகள் தொடங்கும் 470 மெகாஹெர்ட்ஸில் பாதி அலைநீளம் ஏறக்குறைய 32 சென்டிமீட்டரே. முழங்கை அளவுக் கம்பியும் அங்கே போதும். 2009 ஜூன் 12-ல் முழுவலிமை நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது பெரும்பாலானவை இவ்வரிசைகளிலேயே அமைந்தன. எனினும் சில 7 முதல் 13 வரையுள்ள பழைய வரிசைகளில் தங்கிவிட்டமையால், சிற்றாண்டெனாவை மட்டும் நம்பியவர் அவற்றை இழந்தார். மேலும் முன்பு அலை தளர்ந்தால் படத்தில் பனி பெய்யும். அதைப் பார்த்தே கை திசையை அறியும். டிஜிட்டலிலோ படம் தெளிவாக நிற்கும், அன்றேல் அறவே மறையும். ஆகவே திருப்புபவர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சற்றுப் பொறுத்து, பெட்டி மறுபடி தேடும்வரை காத்திருக்கக் கற்றார்.

பொழுது விடிந்து வண்டி புறப்படுமுன் முதலில் நினைவுக்கு வரவேண்டியது அந்தக் கைப்பிடிதான். கம்பத்தை இறக்காமல் கிளம்பியவர்களின் ஆண்டெனாக்கள் சாலையோர மரக்கிளைகளில் சிக்கி ஒடிந்த அனுபவத்தினால்தான், ‘ஆண்டெனா மேலே இருக்கிறது’ என்று எழுதிய சீட்டை ஓட்டுபவர் கண்ணெதிரே தொங்கவிடும் வழக்கம் உண்டாயிற்று. திசை தேடி உயர்த்திய கை, விடியலில் அதை மடித்து வைக்கவும் வேண்டும். அடுத்த ஊரில் கோபுரம் வேறு பக்கம் இருக்கும்.