சிரியப் போரும் பிரிட்டிஷ் மக்களவையின் இரு சொற்போர்களும்

பிறநாட்டின் உள்நாட்டுப் போரில் படையொடு புகுதல் தகுமா என்னும் வினா, சிரியாவைக் குறித்துப் பிரிட்டிஷ் மக்களவையில் 2013 இலும் 2015 இலும் வாக்கெடுப்புக்கு வந்தது. நாடு ஒன்றே; எதிரி ஒருவரல்லர். அவை தன் முடிவுக்குச் சான்று தேடியதும் சிரியாவிற்குள் அன்று. பழைய போர்களின் நினைவில் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

2013 ஆகஸ்டு 21 அன்று டமாஸ்கசையடுத்த கூட்டாப் பகுதியில் நச்சுவாயு வீசப்பட்டது. எட்டு நாட் கழித்து, விடுமுறையிலிருந்த அவையைக் கூட்டிய பிரதமர் கேமரன், அசாத் அரசின்மீது படைச்செயல் மேற்கொள்ளக் கொள்கையளவில் இசைவு வேண்டினார். நேரடியாகப் போரில் இறங்குமுன் மற்றொரு வாக்கெடுப்பு உண்டு என்றும் அத்தீர்மானம் கூறிற்று. அங்ஙனமிருந்தும் 272க்கு 285 என அது வீழ்ந்தது. ஆளுங் கூட்டணியினர் 39 பேரே எதிர்த்து வாக்களித்தனர். 2003 இல் ஈராக்கில் பேரழிவுப் படைக்கலங்கள் உள என்னும் உரையை ஏற்றுப் போருக்கு இசைந்து, பின்னர் அவை அங்கில்லையென அறிந்த அவை இது. ஈராக்கின் நிழல் மக்கள் கருத்தைக் கெடுத்துவிட்டதைக் கேமரனே அன்று ஒப்புக்கொண்டார்.

2015 நவம்பரில் நிகழ்ந்த பாரிசுத் தாக்குதலும் ஐ.நா.வின் 2249 ஆம் தீர்மானமும் நிலையை மாற்றின. இம்முறை இலக்கு ஐ.எஸ். இயக்கம். தரையில் துணைநிற்க மிதவாதப் போராளர் 70,000 பேர் உளர் என்றார் கேமரன். அவர்கள் ஒரு தலைமையின்கீழ் நின்ற படையினருமல்லர். அவர்தம் முதற்பகைவர் அசாத்தே. பிறர் போரில் நிற்பாரைத் தம் துணைப்படையாக எண்ணிக் கணக்கிடுதல் எத்துணை இடருடையது என்பதற்கு இவ்வெண்ணே போதும்.

தொழிற்கட்சித் தலைவர் கோர்பின் தாக்குதலை மறுத்தார். அவருடைய நிழலமைச்சரவையில் அயலுறவுத் துறை ஏற்றிருந்த ஹிலாரி பென்னோ அதனை ஆதரித்து, பிராங்கோவை எதிர்த்து ஸ்பெயினில் பொருத பன்னாட்டுப் படைப்பிரிவினரை நினைவூட்டினார். உரை அவையை ஈர்த்தது, கைதட்டலும் எழுந்தது. ஆயின், வரலாறு அவர் கருத்துக்கு முழுதும் துணைசெய்யவில்லை. ஸ்பெயினுக்குச் சென்ற பிரிட்டானியர் ஏறத்தாழ 2,500 பேரும் தாமே விரும்பிச் சென்றோர். அரசு தலையிடாமைக் கொள்கையைப் பற்றி நின்றது. 1936 அக்டோபரில் எடின்பரோவில் கூடிய தொழிற்கட்சி மாநாடும் அக்கொள்கையையே ஏற்றது; அடுத்த ஆண்டிலேயே அதனை முற்றிலும் கைவிட்டது. பென் இதனைச் சுட்டவில்லை.

டிசம்பர் 2 இரவு 397 பேர் ஆதரிக்க, 223 பேர் எதிர்த்தனர். ஆதரித்தோருள் தொழிற்கட்சியினர் 66 பேர். சில மணி நேரத்திற்குள் சைப்பிரசின் அக்ரோட்டிரித் தளத்திலிருந்து டொர்னாடோ வானூர்திகள் கிழக்குச் சிரியாவின் ஓமர் எண்ணெய் வயல்களை நோக்கிப் புறப்பட்டன.