பானகத்தில் ஒரு சிட்டிகை

போன வருடம் ராமநவமிக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். இந்தப் பண்டிகைக்கு அடுப்பே பற்றவைக்கக் கூடாது. சாப்பிடுவது, குடிப்பது, வீட்டுக்கு வாசனை எல்லாமே தீ இல்லாமல். சென்னைப் பங்குனி வெயிலில் அடுப்படியில் நிற்க யாருக்கும் தெம்பில்லை என்பதுதான் நிஜக் காரணம். ஆராய்ச்சியாக மாறியது பிற்பாடு.

யோசித்தால், இந்தப் பருவத்துப் பிரசாதங்களே அப்படித்தான் இருக்கின்றன. பயத்தம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, தேங்காய்த் துருவலும் மாங்காயும் பச்சைமிளகாயும் சேர்த்தால் வடைப்பருப்பு. நீர்மோர் இருக்கிறது. பானகத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 200 கிராம் வெல்லம், அரை ஸ்பூன் சுக்குப்பொடி, நாலு ஏலக்காய், அரை மூடி எலுமிச்சை. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் அன்றைக்கு மாடவீதிகளைச் சுற்றி நடந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தலுக்குப் பந்தல் கையில் டம்ளரைத் திணிப்பார்கள்.

வாசனைக்கு வெட்டிவேர். நன்றாக அலசி, மெல்லிய துணியில் முடிந்து, ஒரு முடிச்சை மண்பானையில் போட்டேன். இன்னொரு கொத்தை நனைத்து மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டேன். காற்று வந்தால் மண்வாசனை, இல்லாவிட்டால் வெறும் ஈரவேர். அம்மா சந்தனக்கட்டையையும் கல்லையும் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கல்லைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தோம் என்று யாருக்கும் நினைவில்லை.

வாசனைக்கும் பருவம் உண்டு என்பது நெடுநல்வாடை படித்தவர்களுக்குத் தெரியும். அதில் வருவது கூதிர்காலம். வடக்கிலிருந்து வந்த அரைகல்லும் தெற்கின் சந்தனமும் சும்மா கிடக்கின்றன. பெண்கள் குளிர்ந்த மாலைகளைத் தவிர்த்து, அகிலை நெருப்பிலிட்டுப் புகைக்கிறார்கள். குளிருக்குப் புகை, வெயிலுக்கு அரைத்த சந்தனம். நாமோ பன்னிரண்டு மாதமும் ஒரே ஊதுபத்தியைக் கொளுத்துகிறோம்.

சொதப்பல் பானகத்தில் வந்தது. அம்மா கணக்கில் அதற்கு ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய டப்பாவிலிருந்து கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். ஒன்பது வயது மகள் ஒரு வாய் குடித்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். "அப்பா, பீரோ நாத்தம் அடிக்குது!"

"கடுகளவுடா... சிட்டிகைன்னா அள்ளிப் போடறதா?" என்றாள் அம்மா.

அப்புறம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் "பூஜைக்கு மட்டும்" என்று இருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. கற்பூரம் விளையாட்டில்லை. ஒரு கிராம் அளவு உள்ளே போனாலே சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மகள் விழுங்கியது மிகக் குறைவு, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கேள்வி விடவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாப்பாட்டில் போட்ட பொருள் இதுதானா?

இல்லை என்றே நினைக்கிறேன்.

சிலப்பதிகாரம், ஊர்காண் காதை. மதுரையில் பருவங்கள் வரிசையாக வரும் இடம். பங்குனியில் வீசும் கீழ்க்காற்று அகில், துகில், சந்தனம், வாசனைச் சரக்குகளோடு கற்பூரத்தையும் கப்பலில் சுமந்து வருகிறது. அதாவது நம் பண்டிகை மாதத்தில் வந்து இறங்கும் சரக்கு. இந்த இடத்துக்கு உரை எழுதும்போது அடியார்க்கு நல்லார் கற்பூர வகைகளை ஒரு பட்டியலே போடுகிறார். 1892இல் உ.வே.சா. பதிப்பித்ததால் நமக்குக் கிடைத்த உரை அது. (அவர் பெயரிலான நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது, கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒருமுறை உள்ளேயும் எட்டிப் பார்க்கலாம்.) பட்டியலில் சூடன், சீனச்சூடன், வாறோசு எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன.

வாறோசு என்பது சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் பாரூஸ். அந்த ஊருக்குப் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1932இல் அதைப் பற்றி எழுதினார், பிறகு எ.சுப்பராயலு மறுபடி வாசித்தார். சக ஆண்டு 1010, மாசித் திங்கள். நம் கணக்கில் 1088. வெட்டுவித்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. ஊர்ப் பெயர் "வாரோசு" என்றே வருகிறது. கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. கற்பூரம் விளையும் ஊரில் கட்டணத்துக்கு அளவுகோல் கஸ்தூரி!

பாரூஸ் கற்பூரம் வேறு மரம், வேறு வேதிப்பொருள். ஓங்கி வளரும் காட்டு மரத்தின் உள்ளே, சில மரங்களில் மட்டும் படிகமாக உறைந்திருக்கும். எந்த மரத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, வெட்டித்தான் பார்க்க வேண்டும். அதில் இருப்பது போர்னியால். சீனா, ஜப்பான், தைவான் பக்கத்துக் கற்பூர மரத்தின் கட்டையை ஆவியில் வேகவைத்து எடுப்பது கேம்ஃபர். விலையில் முன்னது எட்டாக் கனி, பின்னது மலிவு.

மலிவானதற்கும் கிராக்கி வந்தது. செல்லுலாய்டு செய்யக் கேம்ஃபர் வேண்டும்; சினிமா ஃபிலிம் சுருளே அதில்தான் ஓடியது. 1899இல் தைவானின் கற்பூரத்தை ஜப்பானிய ஆட்சி தன் ஏகபோகமாக்கியது. 1903இல் பின்லாந்துக்காரர் கொம்ப்பா அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். பின்னால் டர்பெண்டைனிலிருந்து ஆலைகளில் டன் கணக்கில் வரத் தொடங்கியது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஃபங்ஷன் பெயர் அப்படியே இருக்கிறது, உள்ளே கோடு முழுக்க வேறு. சமையல் குறிப்பு மட்டும் பழைய பெயரை நம்பி அழைத்துக்கொண்டே இருக்கிறது.

அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டேன். "சாப்பிடறதுக்கா? சும்மா வாசனைக்கு ஒரு துளி போடுவாங்க சார்" என்றார். எந்த மரம் என்ற கேள்விக்குச் சிரித்தார். அவர் என்ன செய்வார் பாவம்.

இந்த வருடப் பானகத்தில் பச்சைக் கற்பூரம் இல்லை. முதல் நாள் இரவே வெட்டிவேர் முடிச்சை ஊறப்போட்ட பானைத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்தேன். வடிகட்டுவதை மட்டும் இரண்டு முறை செய்யுங்கள், அடியில் மணல் தங்கும். டப்பா சுவாமி அலமாரியில் இருக்கிறது, மகளுக்கு எட்டாத தட்டில்.

அம்மா ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "என்னமோ ஒண்ணு குறையறது" என்றாள். மகள் ரெண்டு டம்ளர் குடித்தாள்.