லினக்ஸ் பொதிக்குள் நுழைந்த பின்கதவு

லினக்ஸ் பாவிப்பவர்கள் "இதில் வைரஸ் வராது" என்று சொல்வதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. விண்டோஸில் மென்பொருள் ஒன்று தேவைப்பட்டால் பலரும் ஏதோவோர் இணையத்தளத்திலிருந்து தரவிறக்கிக்கொள்கிறார்கள். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களில் ஒரு கட்டளை போதும், வழங்கலின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே அது வந்துசேரும். அப்படி வரும் கோப்புத்தான் பொதி.

பொதிக்குள் நிரலோடு, எந்தக் கோப்பு எங்கே போகவேண்டும், வேறெந்தப் பொதிகள் தேவை என்ற விபரங்களும் இருக்கும். மென்பொருளை எழுதுபவர் ஒருவர், அதைப் பொதியாக்குபவர் பெரும்பாலும் இன்னொருவர். டெபியனில் பொதியாக்குபவர்கள் தொண்டர்கள். எழுதியவர் வெளியிடும் மூலநிரலை எடுத்து, தேவையான திருத்தங்களைச் சேர்த்து, கையொப்பமிட்டு அனுப்புகிறார்கள். களஞ்சியத்தின் அட்டவணையில் ஒவ்வொரு பொதிக்கும் கைரேகை போன்ற ஓர் எண்கோவை உண்டு, அந்த அட்டவணை டிஜிட்டல் கையொப்பத்தால் காக்கப்படுகிறது. வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் நமது கணினி அந்தப் பொதியை ஏற்காது.

ஆனால், கையொப்பம் சொல்வது யார் அனுப்பினார் என்பதை மட்டும்தான். உள்ளே இருப்பது எதிலிருந்து செய்யப்பட்டது என்பதை அது சொல்லாது. செய்தியை யார் தந்தார் என்பதோடு, அவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்றும் கேட்கப் பழகிய எனக்கு இந்த இடைவெளி பெரிதாகவே தெரிகிறது.

2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி அந்த இடைவெளி வெளிச்சத்துக்கு வந்தது. மைக்ரோசொஃப்டில் பணிபுரியும் அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தனது டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் மூலம் உள்நுழைய வழமையைவிட ஏறத்தாழ அரைச் செக்கன் கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்துத் தோண்டினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருந்தது.

எக்ஸ்இசட் கருவியை எழுதியவர் லாசே கொலின். இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று 2022இல் அவரே பகிரங்கமாக எழுதியிருந்தார். வேகம் போதாதென்று சிலர் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்த அக்காலத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவிசெய்து நம்பிக்கையை வென்று, பதிப்புகளை வெளியிடும் உரிமையையும் பெற்றார்.

சூட்சுமம் பொதியாக்கலில்தான் இருந்தது. பின்கதவைத் திறக்கும் வரிகள் எல்லோரும் வாசிக்கக்கூடிய கிட் களஞ்சியத்தில் இல்லை, பொதியாளர்கள் எடுத்துக்கொள்ளும் வெளியீட்டுக் கோப்பில் மட்டுமே இருந்தன. அதிலும், டெபியன் அல்லது ரெட் ஹட் வகைப் பொதியாகக் கட்டப்படும்போதுதான் அவை இயங்கின. எஸ்எஸ்எச் சேவைக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. டெபியன் போன்ற வழங்கல்கள் சேர்த்த ஒரு திருத்தம் வேறொரு நூலகத்தை இழுத்துவர, அதன் வழியாக எக்ஸ்இசட் உள்ளே வந்தது. டெபியனின் நிலையான பதிப்பை எட்டுமுன் பிடிபட்டது பெரிய அதிர்ஷ்டம்.

ஒரே மூலநிரலை யார் கட்டினாலும் ஒரு பிட்கூட மாறாத பொதி கிடைக்கவேண்டும் என்ற முயற்சி டெபியனில் 2013 முதல் நடக்கிறது. கட்டும் சேவையகத்தில் நடக்கும் திருட்டுத்தனத்தை இது காட்டிக்கொடுக்கும். எக்ஸ்இசட்டில் இது மட்டும் உதவியிருக்காது, நஞ்சு மூலக்கோப்பிலேயே கலந்திருந்ததே! வெளியீட்டுக் கோப்பை கிட் களஞ்சியத்தோடு ஒப்பிடுவதும், இயன்றால் அங்கிருந்தே நேரடியாகப் பொதியாக்குவதும் தேவை என்பது என் கருத்து. அதைச் செய்யவேண்டியவர்களும் அதே தொண்டர்கள்தான்.

பின்கதவை நீக்கிய 5.6.2 பதிப்பை 2024 மே மாதத்தில் கொலினே வெளியிட்டார்.