கடைமடையின் பம்புசெட்டுகளும் பேரிங்குகளும்

அரசலாறும் திருமலைராயன் ஆறும் காரைக்கால் பகுதியைக் கடந்தே வங்கக் கடலில் சேர்கின்றன. காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் இடம் என்பதால் இது கடைமடை. மேட்டூர் அணை திறக்கத் தாமதமானால் இங்கே குறுவை நாற்றங்காலை நிலத்தடி நீர்தான் காப்பாற்ற வேண்டும். அந்த நீரை இறைக்கும் பம்புசெட்டு நடவு நேரத்தில் நின்றுவிட்டால் நாற்று முற்றிவிடும். இருந்தும் அணைகளின் வரலாற்றை எழுதிய அளவுக்குப் பம்புசெட்டுப் பழுதுபார்ப்பின் வரலாற்றை நாம் எழுதவில்லை.

சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினைக் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் முயற்சியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்னெடுத்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். கவலை இழுக்கும் மாடுகளோடு எஞ்சினின் செலவை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். எஞ்சின் வாங்கக் கடன் கொடுத்தால் மட்டும் போதவில்லை. அதை நிறுவவும் ஓட்டவும் தெரிந்த ஆட்கள் கிராமங்களில் இல்லாததால் அரசின் தொழில்துறையே அந்த உதவியைச் செய்ய வேண்டியிருந்தது. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்ததால், சென்னை அரசின் அந்த ஏற்பாடு எல்லைக்கு அப்பாலேயே நின்றது.

பழைய எஞ்சின்களில் தண்டைத் தாங்கியது உருளும் குண்டுகள் அல்ல, ஈயம், வெள்ளீயம் கலந்த மென்மையான வெள்ளை உலோகப் பூச்சு. அது தேய்ந்தால் பழையதை உருக்கி எடுத்து, புதிதாக வார்த்து, தண்டு சீராகப் படியும்வரை கையால் சுரண்ட வேண்டும். இது நாள்கணக்கில் பிடிக்கும் கைவேலை. பால் பேரிங் வந்தபின் பழையதைக் கழற்றிவிட்டு அதே எண்ணுள்ள புதியதை மாட்டினால் போதும் என்றாயிற்று. 6205 என்ற எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று தெரியும்.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு நெசவாலை களிமண் தரையில் நின்றது. தரை அசைய, தண்டுகள் கோணலாகி, பேரிங்குகள் அடிக்கடி கெட்டன. அங்கு பொறியாளராக இருந்த ஸ்வென் விங்குவிஸ்ட், கோணலுக்கு ஏற்பத் தானே ஒத்துக்கொள்ளும் பேரிங்கை 1907-இல் உருவாக்கினார். எஸ்.கே.எஃப். நிறுவனம் பிறந்தது அப்படித்தான். காவிரிக் களிமண்ணும் இந்த விஷயத்தில் அதற்கு உறவுதான். அடித்தளம் ஒருபக்கம் அமுங்கினால் மோட்டார் தண்டும் பம்பு தண்டும் நேர்க்கோடு தவறும். எத்தனை பேரிங் மாற்றினாலும் நிற்காது.

பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இல் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் பரவியது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கே மின்மோட்டார் தயாரித்தார்கள். கோவை பம்புகள் பிற்காலத்தில் டெல்டா வயல்களுக்கும் வந்தன. மின்சாரம் வராத வயல்களில் டீசல் எஞ்சின் தொடர்ந்தது.

மின்மோட்டாரில் பேரிங் தேய்வது சிறு குறைபாடு அல்ல. ரோட்டார் தாழ்ந்து ஸ்டேட்டரில் உரசினால் காயிலே எரிந்துபோகும். சில நூறு ரூபாய் வேலை ரீவைண்டிங் செலவாக வளரும். தண்டின் மேல் மாட்டும் புதிய பேரிங்கின் வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் குண்டுகள் தடத்தில் பள்ளம் பதிக்கும். உள்வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும், அல்லது சூடான எண்ணெயில் விரியவைத்து மாட்ட வேண்டும். பம்பின் சீல் கசிவதைக் கவனிக்காமல் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண். நீர் உள்ளே புகுந்து புதியதையும் துருவாக்கும்.

வயலும் கடலும் அருகருகே இருக்கும் காரைக்காலில் டீசல் எஞ்சின் மீன்பிடி படகுகளிலும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் ஏறிய எஞ்சின்கள் பல வெளிப்பார்வைக்கு முழுதாகவே தெரிந்தன. கடல்நீரில் மூழ்கிய எஞ்சினை உடனே பிரித்து, நன்னீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும். சில நாள் கடந்தாலே உப்பு பேரிங் தடத்தை அரித்துவிடும். அரிக்கப்பட்ட பேரிங்கைத் துடைத்துப் பளபளப்பாக்கலாம். ஆனால் கடலில் சில வாரம் ஓடியபின் அது இரையத் தொடங்கும்.