‘எந்தக் கப்பல்ல இருந்தீங்க?’ ஓய்வுக்குப் பிறகும் கடற்படை நண்பர்களை இணைப்பது எது? குக்ரி நினைவிடம் முதல் குடும்ப பென்ஷன் வரை முழு விவரம்

ஆரணி பக்கத்தில் இருக்கிற சேவூரில் காலையில் கேட்பது பட்டுத் தறிச் சத்தம். கடல் அலைச் சத்தம் கேட்கணும் என்றால் மாமல்லபுரம் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். ஆனாலும், கடலையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் கடற்படையில் சேருவது இந்த வட்டாரத்தில் ஆச்சரியமான விஷயம் இல்லை. பழைய வட ஆற்காடு பகுதிக்கு சீருடை புதுசு கிடையாது. வேலூர் அருகே உள்ள கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருக்கிற ஊர் என்று அதற்குப் பெயர். பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்தில், 1992-ல் இருந்து ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளம் இயங்கி வருகிறது.

சேருவது ஒரு பக்கம். 15 வருஷம் சர்வீஸ் முடித்து, முப்பத்தைந்து வயதில் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு என்ன ஆகிறது? ஒரே கப்பலில், ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே அறையில் அடுக்குப் படுக்கையில் தூங்கிய ஆட்கள் நாடு முழுக்கச் சிதறிப் போகிறார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்? உயிரோடு திரும்பாதவர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ராணுவத்துக்கும் கடற்படைக்கும் என்ன வித்தியாசம்?

ராணுவத்தில் ஒருவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தால், பெரும்பாலும் கடைசி வரை அதே ரெஜிமெண்ட்தான். ஊட்டி பக்கம் வெலிங்டனில் அதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. ஓய்வு பெற்றாலும் ‘நம்ம ரெஜிமெண்ட்’ என்று போய் நிற்க ஒரு இடம் உண்டு.

கடற்படை மாலுமிக்கு அப்படி இல்லை. ஒடிசாவில் இருக்கிற ஐ.என்.எஸ். சில்காவில் ஆரம்பப் பயிற்சி. அதற்குப் பிறகு சில வருஷத்துக்கு ஒரு கப்பல் அல்லது கரைத்தளம் என்று மாற்றல் வந்துகொண்டே இருக்கும். மும்பையில் ஒரு போர்க்கப்பல், கொச்சியில் ஒரு பயிற்சித் தளம், விசாகப்பட்டினத்தில் இன்னொரு கப்பல். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள். அதனால்தான் இரண்டு முன்னாள் கடற்படைக்காரர்கள் கல்யாண வீட்டில் சந்தித்தால், ஊர் பேரைக் கேட்பதற்கு முன்னாடியே ‘எந்தக் கப்பல்? எந்த வருஷம்? எந்த பிராஞ்ச்?’ என்று கேட்பார்கள். இந்த மூன்றும் தெரிந்தால் போதும், நடுவில் யாராவது ஒரு பொது நண்பர் கிடைத்துவிடுவார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரெஜிமெண்ட் நிலைத்து நிற்கும். கப்பல் நிற்காது. முப்பது, நாற்பது வருஷத்தில் அதற்கும் ஓய்வு வந்துவிடும். இந்தியாவின் முதல் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1961-ல் படையில் சேர்ந்தது, 1997 ஜனவரி 31-ல் ஓய்வு பெற்றது. 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014-ல் ஏலத்தில் விற்கப்பட்டு உடைக்கப்பட்டது. அடுத்து வந்த விராட்டுக்கும் அதே கதி, 2020-ல் குஜராத்தின் அலங் உடைப்புத் தளத்துக்குப் போனது. தான் வேலை பார்த்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நினைக்கிற மாலுமிக்கு, காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை.

கப்பல் போனாலும் பெயர் போகாது

இதற்குக் கடற்படை ஒரு வழி வைத்திருக்கிறது. ஓய்வு பெற்ற அல்லது மூழ்கிய கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டுவது. 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில் படையில் சேர்ந்த விமானம் தாங்கிக் கப்பலுக்கும் விக்ராந்த் என்றே பெயர்.

இந்த வழக்கத்தின் அர்த்தம் முழுசாகப் புரிய வேண்டும் என்றால் ஐ.என்.எஸ். குக்ரியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1971 டிசம்பர். பாகிஸ்தானுடன் போர். டிசம்பர் 4-ஆம் தேதி இரவு இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. அந்த வெற்றியின் நினைவாகத்தான் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 4 கடற்படை தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அடுத்த ஐந்தே நாளில் நடந்ததைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு இல்லை.

குஜராத் கரையை ஒட்டிய கடலில் ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கி சுற்றுவதாகத் தகவல். அதைத் தேடி குக்ரியும் கிர்பானும் அனுப்பப்பட்டன. கூடப் போக வேண்டிய குத்தார், இயந்திரப் பகுதியில் ஏற்பட்ட விபத்தால் போக முடியவில்லை. டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, டையூவுக்கு அப்பால் கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிஷத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், மொத்தம் 194 பேர் கப்பலோடு போனார்கள். சுதந்திர இந்தியா போரில் இழந்த ஒரே போர்க்கப்பல் இதுதான்.

கேப்டன் மகேந்திர நாத் முல்லா, கப்பலைக் கைவிட்டு எல்லோரும் தப்பிக்கும்படி உத்தரவு கொடுத்துவிட்டு, தான் கப்பலிலேயே இருந்துவிட்டார். அவருக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

194 குடும்பங்களுக்கும் உடல் கிடைக்கவில்லை என்பதை இங்கே நின்று யோசிக்க வேண்டும். சமாதி இல்லை, சாம்பல் இல்லை. நம்ம ஊரில் ஒருத்தர் இறந்தால் பால் தெளிப்பு, காரியம், திதி என்று துக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கும். கடலில் போனவருக்கு எந்த இடத்தில் நின்று அழுவது?

அந்த இடம் பிறகு டையூவில் அமைந்தது. கடலைப் பார்த்த மாதிரி ஒரு மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் சிறிய மாதிரி வைக்கப்பட்ட நினைவிடம் அது. டையூவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்புவது இல்லை.

அதோடு முடியவில்லை. 1989 ஆகஸ்ட் 23-ல் மும்பையில் புதிய குக்ரி படையில் சேர்ந்தபோது, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கே.சி.பந்த்துடன் சேர்ந்து கப்பலைப் படைக்கு அர்ப்பணித்தவர் கேப்டன் முல்லாவின் மனைவி சுதா முல்லா. புதிய குக்ரி 32 வருஷம் ஓடியது. 28 கமாண்டிங் அதிகாரிகள் மாறினார்கள். கடந்த தூரம் 6,44,897 கடல் மைல். 2021 டிசம்பர் 23-ல் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. சூரியன் மறைகிற நேரத்தில் கடற்படைக் கொடி கடைசி முறையாக இறக்கப்பட்டபோது, அந்தக் கப்பலை நடத்திய முன்னாள் அதிகாரிகள் சிலரும் நேரில் நின்றார்கள். அதன்பின் 2022-ல் அந்தக் கப்பலும் டையூ நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது, அருங்காட்சியகமாக வைப்பதற்காக. மூத்தது மூழ்கிய கடலோரத்துக்கே இளையது போய்ச் சேர்ந்திருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் இதைவிட ஒரு படி மேலே. 1941-ல் பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு வீசியதில் யு.எஸ்.எஸ். அரிசோனாவில் 1,177 பேர் இறந்தார்கள். தப்பித்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர், வயதாகி இறந்த பிறகு தங்கள் அஸ்தியை அந்த மூழ்கிய கப்பலுக்குள்ளேயே வைக்கச் சொல்லி, அப்படியே வைக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் வாழ்ந்த பிறகும் பழைய சகாக்களோடு போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை. அரிசோனாவில் இருந்து பிழைத்தவர்களில் கடைசி மனிதர் லூ கான்டர், 2024 ஏப்ரல் 1-ல் 102-வது வயதில் காலமானார்.

யாரும் கணக்கில் வைக்காதவர்கள்

1946 பிப்ரவரி 18-ல் மும்பையில் எச்.எம்.ஐ.எஸ். தல்வாரில் தொடங்கிய மாலுமிகள் எழுச்சி பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும். சாப்பாட்டுத் தரத்தில் தொடங்கி, வெள்ளைக்கார அதிகாரிகளின் நிறவெறி, சுதந்திரக் கோரிக்கை என்று விரிந்த போராட்டம் அது. 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று பரவியது. வேலையில் இருந்து நீக்கப்பட்டவர்களை சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவும் திரும்பச் சேர்க்கவில்லை, பாகிஸ்தானும் சேர்க்கவில்லை. சுதந்திரப் போராட்ட வீரர்கள் என்ற அங்கீகாரம் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. சகாக்கள் ஒருவரை ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டு எழுதியதாலும் பேசியதாலும்தான் அந்தக் கதையில் பாதியாவது நமக்குக் கிடைத்திருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் பணியில் உயிர்நீத்தவர்களுக்கு டெல்லியில் 2019 பிப்ரவரி 25-ல் தேசிய போர் நினைவிடம் திறக்கப்பட்டது. திறக்கும்போது 25,942 பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. முப்படைக்கும் பொதுவான இடம் இது. மறைந்த வீரரின் குடும்பத்தினர் மாலையில் மலர்வளையம் வைப்பதற்கும் இங்கே ஏற்பாடு உண்டு. டெல்லி வரை போக முடியாதவர்களுக்கு, சென்னைக் கடற்கரையில் கோட்டைக்குத் தெற்கே இருக்கிற போர் நினைவுச் சின்னம்.

நட்பு மட்டும் இல்லை, பென்ஷனும் இதில்தான் இருக்கு

பழைய நண்பர்கள் சேர்ந்து குரூப் போட்டோ எடுப்பதில் என்ன இருக்கு என்று வீட்டில் கேட்பார்கள். அந்த நட்பின் உண்மையான மதிப்பு, வீட்டுக்காரர் இறந்த மறுவாரம் தெரியும்.

மாலுமிகளின் சர்வீஸ் பதிவுகள் எல்லாம் மும்பை மான்கூர்டு, சீட்டா கேம்பில் இருக்கிற ‘பீரோ ஆஃப் செய்லர்ஸ்’ அலுவலகத்தில் இருக்கும். கடற்படை பென்ஷன் அலுவலகமும் மான்கூர்டில்தான். கிராமத்தில் இருக்கிற ஒரு அம்மாவுக்கு இந்தப் பெயர்களே தெரியாது. எந்த மனு யாருக்குப் போகணும், பி.பி.ஓ.-வில் தன் பெயர் இருக்கா, ஸ்பர்ஷ் தளத்தில் எப்படிப் பதிவது என்று சொல்லித் தருவது பெரும்பாலும் ஒரு பழைய ஷிப்மேட்தான்.

தமிழ்க் குடும்பங்களுக்கு என்றே ஒரு தனி வில்லங்கம் இருக்கு. இனிஷியல். சர்வீஸ் பதிவில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள், ஆதாரில் ஒற்றை எழுத்து இருக்கும். மனைவி பெயர் ஒன்றில் ‘லக்ஷ்மி’, இன்னொன்றில் ‘லட்சுமி’. பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் குடும்ப பென்ஷன் மாதக்கணக்கில் நின்றுபோக இது போதும். வீரர் உயிரோடு இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், வங்கிக் கணக்கு நாலையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபார்ப்பதுதான் நல்லது. வருஷா வருஷம் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க மறந்தாலும் பணம் நிற்கும்.

சேவூர், ஆரணி பகுதி குடும்பங்கள் போக வேண்டியது திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். முன்னாள் படைவீரர் அடையாள அட்டையும் விதவையர் அட்டையும் அங்கேதான். பென்ஷன் இல்லாமல் 65 வயதைத் தாண்டிய, ஹவில்தார் அல்லது அதற்கு இணையான பதவி வரை இருந்தவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய அரசின் வறுமை நிவாரண உதவி உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இது 2025-ல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்றால், 1949-ல் இருந்து டிசம்பர் 7-ஆம் தேதி நாம் உண்டியலில் போடுகிற கொடிநாள் காசில் இருந்துதான்.

வாட்ஸ்அப் குரூப்பில் என்ன கவனம் வேண்டும்?

இப்போது தொடர்பு எல்லாம் போனில்தான். ஒரே பேட்ச் குரூப், ஒரே கப்பல் குரூப், மாவட்ட குரூப் என்று ஒருவரே நாலைந்தில் இருப்பார். இறப்புச் செய்தி, ரத்த தேவை, வேலைவாய்ப்பு எல்லாம் இதில்தான் முதலில் வரும்.

ஆனால் முன்பின் தெரியாத நம்பர் ஒன்று ‘நானும் அந்தக் கப்பல்ல இருந்தேன்’ என்று உள்ளே வந்தால், சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும். 2019 டிசம்பரில் விசாகப்பட்டினம் உளவு வழக்கில் மாலுமிகள் சிலர் கைதானார்கள். சமூக வலைதளத்தில் பெண்கள் பெயரில் பழகி, கப்பல் நடமாட்டத் தகவல்களைக் கறந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே மாதம் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் பேஸ்புக்குக்கும் கடற்படை தடை போட்டது. ஓய்வு பெற்றவரின் மகனோ தம்பியோ இன்னும் சர்வீஸில் இருப்பது சகஜம். ‘பையன் எந்தக் கப்பல், எங்க போயிருக்கான்’ என்ற பேச்சு குரூப்பில் வேண்டாம். பென்ஷன் அப்டேட் என்று ஓ.டி.பி. கேட்டு வரும் அழைப்பு எல்லாமே மோசடி.

அக்னிவீரர்கள் வந்த பிறகு?

2022-க்குப் பிறகு சேருகிறவர்கள் அக்னிவீரர்கள். சில்காவில் பயிற்சி முடித்த முதல் அணி 2023 மார்ச்சில் வெளியே வந்தது, பெண்களும் அதில் உண்டு. நாலு வருஷம்தான் சர்வீஸ், அதிகபட்சம் 25 சதவீதம் பேர் தொடர்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. அந்த முதல் அணியின் நாலு வருஷம் 2026 இறுதியில் முடிகிறது. அவர்களைத் தங்கள் சங்கங்களிலும் குரூப்களிலும் எந்தப் பெயரில் சேர்ப்பது என்ற பேச்சு மூத்த மாலுமிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறது.