வாய் வழியும் தோல் வழியும்

உணவைத் தவிர்க்கவைக்கும் அனோரெக்சியா என்ற மனநோயால் மெலிந்து மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் எலும்புத் தேய்வு நிற்குமா? மாத்திரையும் தோலில் ஒட்டும் பேட்ச்சும் இதற்கு வெவ்வேறு விடை தருகின்றன. வயதாகி மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்களின் எலும்பை இருவழி ஈஸ்ட்ரோஜனும் காக்கின்றன. இளம்பெண்ணிடம் அந்த ஒற்றுமை உடைகிறது.

பாஸ்டனில் ஆன் கிளிபான்ஸ்கி குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் 48 பெண்கள். மிகமிக மெலிந்திருந்த சிலரை விட்டுப் பார்த்தால், வாய்வழி ஈஸ்ட்ரோஜன் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் முதுகெலும்பு அடர்த்தியில் வேறுபாடு இல்லை. அதே பாஸ்டன் நகரில் மதுஸ்மிதா மிஸ்ரா குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பேட்ச் ஒட்டிய பெண்களுக்கு 18 மாதங்களில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடர்த்தி கூடியது.

காரணம் கல்லீரல். விழுங்கிய மருந்து முதலில் அங்கேதான் போகிறது. எலும்பை வளர்க்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பதும் அங்கேதான். பட்டினியால் ஏற்கெனவே குறைந்துபோன அந்தச் சுரப்பைக் கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன் மேலும் அமுக்கிவிடுகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கிறது. பேட்ச்சின் மருந்தோ தோலிலிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது.

அதற்காக வாய் வழியே தவறு என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. மிஸ்ராவின் ஆய்விலேயே, எலும்பு இன்னும் முதிராத சிறுமிகளுக்கு மாத்திரைதான் கொடுத்தார்கள்; ஆனால் நாளுக்கு 3.75 மைக்ரோகிராமில் தொடங்கி, பூப்பெய்தும் உடலைப் போல மெல்ல உயர்த்தினார்கள். நம் அரசு வழங்கும் மாலா-என் கருத்தடை மாத்திரையில் அதே ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம், அதாவது எட்டு மடங்கு.

கருத்தடை மாத்திரைக்கும் பேட்ச்சுக்கும் எதிர்பாராத உறவு ஒன்றும் உண்டு. மாத்திரையை நிறுத்தும் நாள்களில் உதிரம் படுகிறது; பேட்ச்சோடு மாதம் பத்து நாள் சேர்க்கும் புரோஜெஸ்டின் மாத்திரை முடிந்ததும் படுகிறது. இரண்டும் மருந்து வரவழைத்தவை. உடல் தேறியதன் அடையாளம் அல்ல. வீட்டில் எல்லாரும் நிம்மதி அடையும் அந்த மாதத்திலேயே பெண்ணின் எடை இறங்கிக்கொண்டிருக்கலாம். பேட்ச்சாலும் எலும்பு முழுதாக ஈடுகட்டப்படவில்லை. பட்டினியில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது, தசை கரைகிறது. இவற்றை ஈஸ்ட்ரோஜன் மட்டும் சரிசெய்யாது.

கூக்கால் போன்ற மலையூரில் கைக்கு எட்டுவது மாத்திரைதான். அரசு சுகாதார நிலையத்தில் அது இலவசம். பேட்ச்சுக்கும் எலும்பு அடர்த்தி காட்டும் டெக்ஸா ஸ்கேனுக்கும் மலையிறங்க வேண்டியிருக்கும். எட்டியதே ஏற்றது என்று ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை. எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதலும் எலும்புக்காகவோ மாதவிலக்குக்காகவோ மட்டும் கருத்தடை மாத்திரை தர வேண்டாம் என்கிறது. முதலில் உணவும் மனநல சிகிச்சையும். அவற்றுக்குப் பிறகும் மாதவிலக்கு திரும்பாவிட்டால் குறுகிய காலத்துக்குப் பேட்ச்.

மகளுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது என்று மருத்துவரிடம் போகும் தாய்மார்களே, அவள் எவ்வளவு இளைத்திருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.