பொற்காலமும் கலிகாலமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் கதைகளுள் ஒரு வகை உண்டு. அவற்றில் ஒரு நாடு வரும். அந்நாட்டில் எல்லாம் நலமே என்று ஆள்வோர் பறைசாற்றுவர். ஆயின் குடிமக்கள் உண்பதும் உடுப்பதும் பேசுவதும் பிள்ளை பெறுவதும் ஆள்வோர் விதித்தபடியே நிகழும். 1516-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மூர் குறையற்ற நாடொன்றைக் கற்பனை செய்து அதற்கு 'யுடோப்பியா' என்று பெயரிட்டார். அதன் மறுதலையான நாட்டை மேனாட்டார் 'டிஸ்டோப்பியா' என்பர். நாம் அதனை 'இருள்நாடு' என்று கூறிக்கொள்வோம். இருள்நாட்டுக் கதை முற்றிலும் மேனாட்டுச் சரக்கே என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதையும், நாம் வாழும் இத்திருவனந்தபுரத்திற்கும் அதற்கும் உள்ள உறவையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் இக்கதைகளின் பொதுக் கூறுகளைக் காண்போம். ருஷிய எழுத்தாளர் ஸம்யாதின் 1920-21-இல் எழுதிய நாவலின் பெயர் 'நாம்' என்பது. அந்நாட்டு மக்களுக்குப் பெயரில்லை, எண்களே உண்டு. வீட்டுச் சுவர்களோ கண்ணாடியால் ஆனவை. சோவியத் நாட்டில் அந்நூல் 1988 வரை அச்சேறவில்லை. 1932-இல் ஹக்ஸ்லி எழுதிய 'பிரேவ் நியூ வோர்ல்ட்' நாவலில் குழந்தைகள் புட்டிகளில் உருவாகின்றனர். எக்குழந்தை எவ்வேலைக்கு உரியது என்பது பிறக்குமுன்னரே முடிவாகிவிடும். அப்பிரிவுகளைக் குறிக்க ஹக்ஸ்லி ஆண்ட சொல் 'சாதி' என்பதே என்றால் நமக்கு வியப்பாயிருக்கும். பீகாரிலுள்ள மோதிஹாரியில் 1903-இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1949-இல் '1984' என்னும் நாவலை வெளியிட்டார். சுவரொட்டியிலும் திரையிலும் மட்டுமே முகங்காட்டும் தலைவன், பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதும் அலுவலகம், பதிப்புத்தோறும் சொற்கள் குறையும் அகராதி ஆகியவை அந்நாட்டின் அடையாளங்கள். இவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கூறுகள் புலனாகும்: கண்ணுக்கு அகப்படாத ஆட்சி, கணக்கிற்குட்பட்ட உடல், பறிக்கப்பட்ட நினைவு.

நம் நாட்டிலும் இத்தகைய கதைகள் எழுந்துள்ளன. ஓ. வி. விஜயன் மலையாளத்தில் இயற்றிய 'தர்மபுராணம்', தர்மபுரி என்னும் கற்பனை நாட்டின் கொடுங்கோன்மையை அருவருப்பையே படைக்கலமாகக் கொண்டு சாடுவது. 1975-இல் இதழில் தொடராக வரவிருந்த வேளையில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தொடர் தடைப்பட்டு 1977-இல் வெளிவந்து, 1985-இல் நூலாயிற்று. தமிழில் சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' யாவரும் அறிந்தது. அதில் ஜீவா என்னும் தலைவர் நாட்டை ஆள்கிறார். குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்களே உண்டு. பிள்ளை பெறுதற்கும் அனுமதி வேண்டும். இறுதியில் ஜீவா வெறும் நிழலுருவே என்று தெரியவருகிறது. சுஜாதா கதைக்குக் குறித்த காலம் 2021-ஆம் ஆண்டையொட்டியது. அந்த ஆண்டும் நம்மைக் கடந்து போயிற்று.

நிற்க. இக்கூறுகள் அனைத்தும் அமைந்த தமிழ் நூலொன்று இவற்றுக்கெல்லாம் முன்னரே, நாம் வாழும் இப்பழைய திருவிதாங்கூர் நாட்டிலேயே தோன்றியது. அதனை அறிவதற்கு அக்காலத்தை அறிதல் வேண்டும்.

1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னரின் காலத்தைப் பொற்காலம் என்று நாம் போற்றுகிறோம். அதற்குக் காரணமும் உண்டு. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவருடைய அவையை அணிசெய்தார். 1834-இல் இந்நகரில் ஆங்கிலப் பள்ளி தொடங்கிற்று. 1837-இல் வானாய்வுக்கூடம் எழுந்தது. மன்னர் இயற்றிய கீர்த்தனங்கள் இன்றும் நவராத்திரி மண்டபத்தில் ஒலிக்கின்றன. தமிழிசைக்கும் தமிழ்க் கலைஞருக்கும் இந்நகர் அளித்த சிறப்பை எண்ணி நாம் பெருமை கொள்வது இயல்பே.

ஆயின் அதே நாட்டின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், பனையேறியும் உழுதும் வாழ்ந்த தமிழ்மக்களின் நிலை வேறாயிருந்தது. தலைவரி, பனைவரி முதலிய வரிகள் ஒருபுறம். கூலியின்றி உழைக்கும் 'ஊழியம்' மறுபுறம். பெண்டிர் மார்பை மறைத்து உடுத்தலும் சாதிமுறைக்கு மாறான குற்றமாயிற்று. அம்மக்களிடையே சாமிதோப்பில் தோன்றியவர் அய்யா வைகுண்டர். அவர் மன்னரின் ஆணையால் பிடிக்கப்பட்டு, இத்திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைக்கப்பட்டு, 1839-இல் விடுதலை பெற்றார். கொல்லம் 1016-ஆம் ஆண்டுக் கார்த்திகைத் திங்களில், அதாவது 1840-இன் இறுதியில், அவருடைய சீடர் அரிகோபாலர் எழுதியதாக மரபு கூறும் நூலே 'அகிலத்திரட்டு அம்மானை'.

அது அன்பர்களுக்குத் திருநூல். அந்நிலையில் அதனை ஆராய்தல் நம் நோக்கமன்று. அதன் கதையமைப்பை மட்டும் காண்போம். திருமால் இலக்குமிக்குக் கூறுவதாக அமைந்த அக்கதையில் யுகங்கள் எட்டு. அவற்றுள் ஏழாவது கலியுகம். கலி ஓர் அரக்கனாகப் பிறந்தும், மாயையாக மக்கள் மனத்திற் பரவியும் நிற்கிறது. ஆதலின் அதனை வாளால் வெல்லுதல் அரிது. கண்ணுக்கு அகப்படாத ஆட்சி என்று நாம் முதலிற் கூறியது இதுவே. நாடாளும் மன்னனுக்குக் 'கலிநீசன்' என்றும், வெள்ளையருக்கு 'வெண்ணீசன்' என்றும் நூல் பெயர் சூட்டுகிறது. அக்கலிநீசன் வாங்கும் ஆயங்களையும் அது வரிசையாக அடுக்குகிறது. கழுத்துத் தாலிக்கும் ஆயம். உதிர்ந்த சருகுக்கும் ஆயம். காய்ச்சிய கருப்புக்கட்டிக்கும் ஆயம். உடலும் உழைப்பும் கணக்கிற்குட்பட்ட நாடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மூன்றாவது கூறாகிய நினைவைப் பற்றி ஒன்று கூறுவோம். ஆர்வெல்லின் நாட்டில் பழைய ஏடுகள் நெருப்பிலிடப்படுகின்றன. இங்கோ எளிய மக்கள் தம் துன்பக் கணக்கைப் பனையோலையில் எழுதி, படியெடுத்து, ஓதி ஓதிக் காத்தனர். 1939-இல்தான் அந்நூல் அச்சு வடிவம் பெற்றது. ஏறத்தாழ நூறாண்டு அது ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்தது. வரிவிதிக்கப்பட்ட பனையின் ஓலையே அவ்வரிக்குச் சாட்சியாயிற்று.

முடிவிலும் ஒரு வேற்றுமை உண்டு. '1984' நாவலின் தலைவன் மனம் முறிந்து, தன்னை வதைத்தவனையே நேசிக்கத் தொடங்குகிறான். அகிலத்திரட்டோ கலியழிந்து தரும யுகம் வருவதைப் பாடி நிறைவுறுகிறது. பின்வந்த வரலாறும் அந்நம்பிக்கையைச் சிறிது சிறிதாக மெய்ப்பித்தது. 1855-இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1859-இல் நாடார் பெண்டிர் மார்பை மறைத்து உடுத்தும் உரிமை பெற்றனர். உயர்சாதியார் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற தடை அப்போதும் நீங்கவில்லை. 1936 நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. இவ்வொவ்வொன்றும் போராட்டத்தின் பயனே.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பொற்காலமும் கலிகாலமும் ஒரே நாட்டில், ஒரே மன்னர் காலத்தில், அருகருகே நிகழ்ந்தன. அவையில் வீற்றிருந்தோர்க்குப் பொற்காலம். ஆயம் கட்டியோர்க்குக் கலிகாலம். இருள்நாட்டுக் கதை வருங்காலத்தை உரைக்கும் சோதிடமன்று. அரசின் ஏட்டில் இடம்பெறாதோர் தம் காலத்தைப் பற்றி எழுதி வைத்த கணக்கு.

பழவங்காடிப் பிள்ளையாரை வணங்கிக் கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து செல்லும் நம் குடும்பங்களுள், கோட்டைக்குள் பணிபுரிய வந்தோரின் வழியினரும் உளர். கோட்டைத் தெருவில் நடக்கத் தடையிருந்தோரின் வழியினரும் உளர். இருவர் தாய்மொழியும் தமிழே. வடிவேலுவின் பெயரை நம் மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், அரிகோபாலரின் பெயரையும் சொல்லிக் கொடுத்தல் கடன். ஒன்றை மட்டும் கூறி மற்றொன்றை மறைப்போமாயின், பழைய ஏட்டைத் திருத்தும் அவ்வலுவலகத்தின் பணியையே நாமும் செய்தவராவோம்.

இன்னும் ஒன்று எண்ணிப் பார்த்தற்குரியது. நம் காலனியின் தெருவைப் பெருக்குவோரும் நம் இல்லங்களில் ஏவல் செய்வோரும் நம் நாளைப் பற்றி ஒரு நூல் எழுதுவாராயின், அதில் இக்காலத்திற்கு என்ன பெயர் இடுவர்? அப்பெயர் நல்லதாக அமைவது நம் கையில் உளது.